ஜப்பானில் கார் ஓட்ட இந்திய லைசென்ஸ், ஐடிபி: எதெல்லாம் கையில் இருக்கணும்?

வைகைக்கரை
வணக்கம். மே மாதம் குடும்பத்தோடு ஹொக்கைடோ போகிறோம், சுற்றுலா விசா. பியெய், ஃபுரானோ பக்கம் பஸ், ரயில் குறைவு என்பதால் சப்போரோவில் வாடகைக் கார் எடுப்பதாகத் திட்டம். மதுரை ஆர்டிஓ லைசென்ஸ் இருக்கிறது, காரும் கியர் பைக்கும் இரண்டும் அதில் உண்டு. மூன்று சந்தேகங்கள்:

ஆர்டிஓ தரும் ஐடிபி (சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம்) மட்டும் போதுமா, அல்லது ஜப்பானிய மொழிபெயர்ப்பும் வேண்டுமா? ஆன்லைனில் ஓர் ஏஜென்சி "3 வருட சர்வதேச லைசென்ஸ், இரண்டே நாளில்" என்று விளம்பரம் போடுகிறது, அதை வாங்கலாமா? லைசென்ஸில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. இது பிரச்சினை ஆகுமா?

ஒசாகா ராஜபாட்டை
முதலில் அந்த ஏஜென்சி விஷயம். வாங்கவே வாங்காதீர்கள்.

ஜப்பான் ஏற்பது ஒரே ஒரு வகை ஐடிபி: 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் மாதிரிப்படி, அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு ஒன்று கொடுத்தது. இந்தியா அதில் இருக்கிறது, ஆர்டிஓ தருவதும் அந்த மாதிரிதான். 1949 மாதிரியின் ஆயுள் அதிகபட்சம் 1 வருடம். அதனால் "3 வருடம்" என்று போட்டிருந்தாலே அது உங்களுக்கு ஆகாது. 3 வருடம் வரை செல்லுபடியாகும் ஐடிபி 1968 வியன்னா ஒப்பந்தத்தில் உண்டு, ஜப்பான் அதை ஏற்பதில்லை. ஏஜென்சி விற்பது அதுகூட இல்லை. தனியார் அச்சடித்த மொழிபெயர்ப்புப் புத்தகம், அவ்வளவுதான். இந்திய லைசென்ஸுக்கு ஐடிபி தரும் அதிகாரம் லைசென்ஸ் அதிகாரியிடம், அதாவது ஆர்டிஓவிடம் இருக்கிறது.

அதை வைத்து ஜப்பானில் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு. 3 வருடம் வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். தெரிந்தே வண்டி கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து போனவரும் மாட்டுவார். விபத்து நடந்தால் வாடகை நிறுவனத்தின் காப்பீடும் கைவிட்டுவிடும். இதுதான் பெரிய அடி.

மொழிபெயர்ப்பு உங்களுக்கு வேண்டாம். கையில் இருக்கவேண்டியவை மூன்று: ஐடிபி புத்தகம், லைசென்ஸ் அட்டை, பாஸ்போர்ட். மூன்றும் அசல். டிஜிலாக்கர், எம்பரிவாகன் இரண்டும் நம் ஊர் போலீஸுக்குச் செல்லும், ஜப்பான் வாடகைக் கவுண்டரில் செல்லாது. ஐடிபி வாங்கியாயிற்று என்று லைசென்ஸ் அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அட்டை இல்லாவிட்டால் வண்டி கிடைக்காது.

பெயர் விஷயம் ஆர்டிஓ வாசல் வந்து சொல்வார், அவருக்குத்தான் அது அத்துப்படி.

ஆர்டிஓ வாசல்
பெயரை முதலில் சரி செய்யுங்கள், அதன்பிறகு ஐடிபிக்குப் போகலாம். காரணம், ஐடிபியில் ஏறும் விவரம் லைசென்ஸ் பதிவிலிருந்து வருகிறது. லைசென்ஸில் என்ன இருக்கிறதோ அதுதான் புத்தகத்திலும் வரும்.

1949 மாதிரியில் ஓட்டுநர் விவரம் ஐந்து வரி: 1 குடும்பப் பெயர், 2 மற்ற பெயர்கள், 3 பிறந்த இடம், 4 பிறந்த தேதி, 5 நிரந்தர முகவரி. நம் லைசென்ஸில் பெயருக்கு ஒரே கட்டம், இனிஷியல் முன்னாலோ பின்னாலோ ஒட்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் முழுசாக இருக்கும். ஜப்பான் வாடகைக் கவுண்டரில் இருப்பவர் எழுத்து எழுத்தாக ஒப்பிடுவார். "எஸ்" என்பது சுப்பிரமணியமா, செல்வராஜா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. பிறந்த தேதியும் படமும் பொருந்துகிறதே என்று விடுகிறவர்கள் உண்டு. தலைமையகத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று உட்கார வைப்பவர்களும் உண்டு. குடும்பத்தோடு போகும்போது அந்த ரிஸ்க் எதற்கு?

வழி: பரிவாகன் தளத்தில் சாரதி பக்கம், தமிழ்நாடு தேர்வு செய்து, லைசென்ஸ் சேவைகளில் பெயர் மாற்றம். பாஸ்போர்ட் நகல், ஆதார் இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் வேலை சுலபம். ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் முழுப்பெயர் என்றால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். திருத்திய அட்டை தமிழ்நாட்டில் ஸ்பீட் போஸ்டில்தான் வரும், லைசென்ஸில் உள்ள முகவரிக்கு. வீடு மாறியிருந்தால் முகவரி மாற்றத்தையும் அதே விண்ணப்பத்தில் டிக் செய்துவிடுங்கள், இல்லையென்றால் அட்டை திரும்பிப் போய்விடும்.

பிறகு ஐடிபி. அதே சாரதியில் "டிஎல் ரினியுவல், டூப்ளிகேட், ஐடிபி, அதர்ஸ்" என்ற வரிசையைத் திறங்கள். லைசென்ஸ் எண், பிறந்த தேதி கொடுத்தால் உங்கள் பதிவு வரும். அதில் ஐடிபியை டிக் செய்து பாஸ்போர்ட் எண், போகும் நாடு, பயண விவரம் நிரப்பவேண்டும். படிவம் 4ஏ அதிலிருந்தே உருவாகும், அச்செடுத்துக் கையெழுத்து போடுங்கள். அரசுக் கட்டணம் 1,000 ரூபாய், அதன்மேல் சிறு சேவைக் கட்டணம். லைசென்ஸ் அசலும் நகலும், பாஸ்போர்ட் அசலும் நகலும், பாஸ்போர்ட் அளவு படங்கள், டிக்கெட் நகல் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள்.

விசா, மருத்துவச் சான்று (படிவம் 1ஏ) இரண்டும் கட்டாயம் இல்லை என்று 2021 ஜனவரியிலேயே மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. ஆனாலும் சில அலுவலகங்களில் இன்றும் கேட்கிறார்கள். அங்கே நின்று வாதாடி ஒரு நாளை இழப்பதைவிட, 1ஏ ஒன்றை மருத்துவரிடம் வாங்கி வைத்திருப்பது புத்திசாலித்தனம். ஜப்பான் இ-விசா என்றால் அதன் அச்சுப் பிரதி போதும்.

புத்தகம் கைக்கு வந்ததும் ஜன்னலை விட்டு நகராமல் சரி பாருங்கள். ஓட்டுநர் பக்கத்தில் ஏ முதல் இ வரை ஐந்து வகை இருக்கும். ஏ இருசக்கரம். பி கார்: 3,500 கிலோவுக்குள், ஓட்டுநர் தவிர 8 இருக்கை வரை. உங்கள் லைசென்ஸில் எல்எம்வி (கார்) இருப்பதால் பிக்கு நேரே முத்திரை விழுந்திருக்கவேண்டும். எம்சிடபிள்யூஜி (கியர் பைக்) இருப்பதால் ஏக்கு நேரேயும். ஒன்றில் மட்டும் குத்திவிட்டு அடுத்ததை மறப்பது சகஜமாக நடக்கிறது. முத்திரை இல்லாத வகை வெளிநாட்டில் உங்களிடம் இல்லாத வகைதான், லைசென்ஸில் இருந்தாலும் பேச்சு எடுபடாது. படத்தின் மேல் முத்திரை பாதி ஏறியிருக்கிறதா, வழங்கிய தேதி தெளிவாக இருக்கிறதா, 1949 ஒப்பந்தம் என்று அட்டையில் இருக்கிறதா, இவற்றையும் பாருங்கள். 2022 ஆகஸ்ட் அறிவிப்புக்குப் பிறகு நாடு முழுக்க ஒரே வடிவம், லைசென்ஸோடு இணைக்கும் க்யூஆர் கோடும் உண்டு.

வைகைக்கரை
மிக்க நன்றி இருவருக்கும். பெயர் மாற்றத்துக்கு இன்றே போடுகிறேன். ஐடிபியை எவ்வளவு முன்னால் எடுக்கலாம்? லைசென்ஸ் வரும் ஆகஸ்டில் முடிகிறது, அது தடையா?

ஆர்டிஓ வாசல்
வழங்கிய நாளிலிருந்து 1 வருடம் அல்லது லைசென்ஸ் முடியும் நாள், எது முந்தியதோ அதுவரைதான் ஐடிபி ஓடும். மே பயணத்துக்கு ஆகஸ்ட் வரை இருப்பதே போதும். ஆனால் முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே லைசென்ஸைப் புதுப்பிக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. எப்படியும் பெயர் மாற்றத்துக்குப் போகிறீர்கள், புதுப்பித்தலையும் சேர்த்து முடித்துவிட்டால் ஐடிபி முழு வருடத்துக்குக் கிடைக்கும். 40 வயதைத் தாண்டியிருந்தால் புதுப்பித்தலுக்கு 1ஏ கட்டாயம் வேண்டும், அது வேறு விதி. பயணத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் ஐடிபி எடுப்பது சரியான நேரம்.

இன்னொன்று, பழைய புத்தக வடிவ லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: சாரதியில் எண்ணைப் போட்டால் "விவரம் இல்லை" என்று வந்தால் உங்கள் பதிவு கணினியில் ஏறவில்லை. வழங்கிய ஆர்டிஓவுக்கே போய் பேக்லாக் என்ட்ரி போடச் சொல்லி, அட்டையாக மாற்றிய பிறகுதான் ஐடிபி. இதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது அந்த அலுவலகத்தின் கையில், அதனால் டிக்கெட் போடும் முன்பே தொடங்குங்கள்.

பேர்ன் நகர்
வணக்கம் உறவுகளே. சுவிஸ் லைசென்ஸ் வைத்திருக்கும் நம் ஆட்களுக்கும் இதே நடைமுறைதானா? இங்கே வாகனத் திணைக்களம் தரும் சர்வதேசப் பத்திரத்தை எடுத்தால் போதுமா?

ஒசாகா ராஜபாட்டை
போதாது, உங்களுக்கு வழியே வேறு. சுவிஸ், ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், மொனாக்கோ, தைவான் லைசென்ஸ்காரர்களுக்கு ஜப்பான் ஐடிபியைக் கேட்பதில்லை. லைசென்ஸும் அதன் அதிகாரப்பூர்வ ஜப்பானிய மொழிபெயர்ப்பும் கேட்கிறது. மொழிபெயர்ப்பை ஜாஃப் என்ற ஜப்பான் வாகன ஓட்டிகள் கூட்டமைப்பு தரும். ஆன்லைனில் லைசென்ஸின் இரு பக்கத்தையும் ஏற்றி விண்ணப்பித்து, ஜப்பானில் இறங்கியபின் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் இருக்கும் பிரின்டரில் எண்ணைப் போட்டு அச்செடுத்துக்கொள்ளலாம். கடைசி வாரத்தில் போடாதீர்கள், பரிசீலனைக்கு நாள் பிடிக்கும். வெளியே யாரோ மொழிபெயர்ப்பாளரிடம் வாங்கியது செல்லாது.

பாரிஸ், டோர்ட்முண்ட், சூரிச்சிலிருந்து வருபவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். கையில் சொந்த நாட்டு அரசு கொடுத்த அசல் ஐடிபியே இருக்கும், போலி இல்லை, ஆனாலும் ஜப்பானில் பயன் இல்லை.

பிரிட்டன் லைசென்ஸ் என்றால் ஐடிபிதான். ஆனால் அங்கே 1926, 1949, 1968 என மூன்று வகை விற்பனையில் இருக்கின்றன. 2024 ஏப்ரலிலிருந்து தபால் நிலையத்தில் இல்லை, பேபாயின்ட் வசதி உள்ள கடைகளில் 5.50 பவுண்டு. "ஜப்பானுக்கு" என்று சொல்வதோடு நிற்காமல் "1949" என்று கேட்டு வாங்குங்கள், வாங்கியதும் அட்டையைப் படியுங்கள். கனடா, அமெரிக்கா தருவது 1949தான், சிக்கல் இல்லை. மலேசியா, சிங்கப்பூர் ஐடிபியும் ஜப்பானின் பட்டியலில் இருக்கிறது.

வெள்ளவத்தை
இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். இலங்கையும் 1949 ஒப்பந்தத்தில் இருக்கு, ஆகவே சர்வதேச அனுமதிப்பத்திரத்தோட ஜப்பானில ஓடலாம். அதைத் தாறது கொழும்பு 3இல இருக்கிற ஏஏ சிலோன், அதாவது இலங்கை ஆட்டோமொபைல் சங்கம். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய் நிக்கவேண்டாம், அங்க சாதாரண அனுமதிப்பத்திரம் மட்டும்தான். போகேக்க அனுமதிப்பத்திரத்தின்ர மூலப் பிரதி, கடவுச்சீட்டு, படங்கள் கொண்டு போங்கோ. அனுமதிப்பத்திரத்தில முழுப் பெயரும் இருக்கிறதால இனிஷியல் சிக்கல் எங்களுக்குக் குறைவு. ஆனா கடவுச்சீட்டில எழுத்துக்கூட்டல் வேறையா இருந்தா அதே தலையிடிதான், முதலே திருத்திப்போடுங்கோ.

சைத்தாமா
எனக்கு வேறு கேள்வி. வேலை விசாவில் 2025 ஏப்ரல் 10 அன்று ஜப்பான் வந்தவர், சென்னையில் எடுத்த ஐடிபியில் ஓட்டுகிறார். டிசம்பர் 20 ஊருக்குப் போய், அங்கே புது ஐடிபி எடுத்து ஜனவரி 12 திரும்பிவிட்டார். இனி 2027 ஜனவரி வரை ஓட்டலாம்தானே?

ஒசாகா ராஜபாட்டை
ஓட்ட முடியாது, 2026 ஏப்ரலோடு முடிந்துவிடும். ஜப்பானில் வசிப்பவர்கள் இந்த விதியைத் தெரிந்துகொள்ளாமல் மாட்டுவது அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓட்டும் உரிமைக்கு இரண்டு கடிகாரம். ஒன்று ஐடிபி வழங்கிய நாளிலிருந்து 1 வருடம். இன்னொன்று ஜப்பானில் தரையிறங்கிய நாளிலிருந்து 1 வருடம். எது முதலில் முடிகிறதோ அதோடு சரி. சுற்றுலா வருகிறவர்களுக்கு இரண்டாவது கடிகாரம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நகராட்சியில் வசிப்பிடப் பதிவு இருப்பவர் வெளியே போய் 3 மாதத்துக்குள் திரும்பினால், திரும்பிய நாளைத் தரையிறங்கிய நாளாகக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். பழைய தேதிதான் தொடரும். நீங்கள் சொன்னவர் மூன்று வாரம்தான் வெளியே இருந்திருக்கிறார், ஆக அவருடைய தொடக்கம் 2025 ஏப்ரல் 10தான். புது ஐடிபியில் 2026 டிசம்பர் வரை தேதி இருக்கலாம், ஏப்ரலுக்குப் பிறகு அது வெறும் காகிதம். கடிகாரம் புதிதாகத் தொடங்கவேண்டுமானால் 3 மாதமோ அதற்கு மேலோ வெளியே இருந்திருக்கவேண்டும்.

2021 திருத்தத்துக்குப் பிறகு, காலாவதியான ஐடிபியை வெளிநாட்டில் இருந்தபடியே இந்தியத் தூதரகம் மூலம் புதுப்பிக்க வழி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். இந்தியா புதுப்பித்துக் கொடுக்கும், ஜப்பானின் ஒரு வருடக் கணக்கை அது நீட்டாது.

தானியங்கி வாயில் வழியாக உள்ளே வந்தால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது என்பதையும் கவனியுங்கள். வந்த தேதியைப் போலீஸுக்குக் காட்டவேண்டி வரும், அதனால் அங்கிருக்கும் அதிகாரியிடம் கேட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

சைத்தாமா
அப்படியானால் ஜப்பான் லைசென்ஸாக மாற்றுவதுதான் ஒரே வழி. 2025 அக்டோபரில் விதி கடுமையானது என்றார்கள், இப்போது என்ன நிலை?

ஷோனான் கடற்கரை
மாற்றும் நடைமுறைக்கு கைமென் கிரிகாயே என்று பெயர். 2025 அக்டோபர் 1 முதல் வசிப்பிடச் சான்று (ஜூமின்ஹ்யோ) கட்டாயம், சுற்றுலா விசாவில் ஹோட்டல் முகவரி கொடுத்து மாற்றிய காலம் முடிந்தது. அறிவுத் தேர்வு முன்பு 10 கேள்வி, 7 சரியானால் போதும். இப்போது 50 கேள்வி, 45 சரியாக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதலாம். முன்பு போல் பொது அறிவை நம்பிப் போகாதீர்கள், சாலைக் குறிகளையும் நிறுத்தக்கூடாத இடங்களின் மீட்டர் கணக்கையும் உட்கார்ந்து படிக்கவேண்டும்.

ஆவணங்கள்: செல்லுபடியாகும் இந்திய லைசென்ஸ் அசல், அதற்கு ஜாஃப் மொழிபெயர்ப்பு (இதற்கு இந்தியர்களுக்கும் வேண்டும், ஐடிபி ஈடாகாது), பாஸ்போர்ட், ஜூமின்ஹ்யோ, 3 செ.மீ. x 2.4 செ.மீ. படம். ஜூமின்ஹ்யோவில் குடியுரிமை நாடு அச்சாகியிருக்கவேண்டும். நகராட்சி இயந்திரத்தில் எடுக்கும்போது அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

அடுத்தது, லைசென்ஸ் வாங்கிய பிறகு அந்த நாட்டில் மொத்தம் 3 மாதமாவது இருந்ததற்கு நிரூபணம். ஜப்பான் வேலை உறுதியானதும் அவசர அவசரமாக லைசென்ஸ் எடுத்து அடுத்த மாதமே விமானம் ஏறியவர்களுக்கு இதில் வழியில்லை. நிரூபணம் பாஸ்போர்ட் முத்திரைகளிலிருந்து வரும், அதனால் காலாவதியான பழைய பாஸ்போர்ட்டையும் கொண்டு போங்கள். ஊரில் லைசென்ஸைப் புதுப்பித்து அட்டை மாற்றியிருந்தால், புது அட்டையில் முதன்முதலில் வழங்கிய தேதி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் புதுப்பித்த தேதி மட்டும் தெரிந்தால் 3 மாதத்தை அந்தத் தேதியிலிருந்தே எண்ணுவார்கள்.

ஓட்டும் தேர்வு மையத்தின் உள்ளேயே, 100இல் கழித்துக்கொண்டே வருவார்கள், 70 இருந்தால் தேர்ச்சி. நம் ஆட்கள் மதிப்பெண்ணை இழப்பது பெரும்பாலும் இடது திருப்பத்தில். 30 மீட்டர் முன்னால் இண்டிகேட்டர், கண்ணாடி, தலையைத் திருப்பி இடது பின்புறம் ஒரு பார்வை, பிறகு ஓரத்தை ஒட்டி வண்டியைக் கொண்டுவந்து திருப்பவேண்டும். ஓரத்தில் இடைவெளி விட்டால் சைக்கிளோ பைக்கோ உள்ளே நுழையும் என்பது அவர்கள் கணக்கு. கண்ணை மட்டும் அசைத்தால் பார்த்ததாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், தலை திரும்பவேண்டும். நிறுத்தக் கோட்டில் சக்கரம் முழுசாக நிற்கவேண்டும். மெதுவாக உருட்டிக்கொண்டே போனால் அங்கேயே தேர்வு முடிந்தது. க்ராங்க் எனப்படும் குறுகிய இரட்டை வளைவில் சக்கரம் ஓரக்கல் ஏறினால் உடனே நின்று பின்னால் எடுங்கள், அப்படியே தள்ளிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு மூன்று முறை முயன்று தேறுவது இங்கே சாதாரணம், அதனால் ஒரு வருடம் முடிய நான்கைந்து மாதம் இருக்கும்போதே முன்பதிவு செய்யுங்கள்.

வைகைக்கரை
கடைசியாக ஒன்று. மனைவியும் ஓட்டுவதாக இருந்தால் அவருக்கும் தனி ஐடிபி வேண்டுமா? கவுண்டரில் வேறு என்ன கேட்பார்கள்?

ஒசாகா ராஜபாட்டை
ஓட்டப்போகும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மூன்று ஆவணங்களும் வேண்டும். வண்டி எடுக்கும்போதே அவர் பெயரையும் ஓட்டுநராகப் பதிய வைத்துவிடுங்கள். பதியாதவர் ஓட்டி இடித்தால் காப்பீடு பேசாது. முன்பதிவில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையிலேயே கொடுங்கள்.

கவுண்டரில் பாஸ்போர்ட்டின் தரையிறங்கும் அனுமதி ஸ்டிக்கரையும் ஐடிபி வழங்கிய தேதியையும் பார்த்து நகல் எடுத்துக்கொள்வார்கள். காப்பீடு வாடகையில் அடக்கம். ஆனால் வண்டி பழுதுபார்க்கப் போகும் நாட்களுக்கு நஷ்ட ஈடாக என்ஓசி என்று ஒரு தொகை கேட்பார்கள், வண்டி ஓடும் நிலையில் இருந்தால் குறைவு, இல்லையென்றால் அதிகம். அதையும் தள்ளுபடி செய்யும் கூடுதல் திட்டம் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸ்வேயில் போவதானால் ஈடிசி அட்டையும் (சுங்கக் கட்டணத்தைத் தானாகச் செலுத்தும் அட்டை) அங்கேயே வாடகைக்குக் கேளுங்கள்.

சின்ன உரசலாக இருந்தாலும் 110க்கு அழைத்துப் போலீஸில் பதிவு செய்த பிறகே அந்த இடத்தை விட்டு நகரவேண்டும். போலீஸ் பதிவு இல்லாவிட்டால் விபத்துச் சான்று கிடைக்காது, சான்று இல்லாமல் காப்பீடும் கிடையாது. எதிராளி "பரவாயில்லை, போகலாம்" என்று சொன்னாலும் அழையுங்கள். அப்போது போலீஸ் கேட்கப்போவதும் அந்த மூன்று ஆவணங்களைத்தான், ஹோட்டல் லாக்கரில் பூட்டி வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.